ஒரு மாப்பிள்ளையின் இரத்தமும் இரண்டு சுருள் கிருமிகளும்

அன்று கண்டியில் எங்கள் ஆய்வுகூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். சுவிஸிலிருந்து கலியாணம் கட்ட வந்திருந்த சுகந்தன், பெண்ணின் அண்ணன் ரவி, பெண்ணின் தாய்மாமன், முன்மேசையில் ஃபரீனா, உள்ளே நான். இருந்திருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லை. ஒருவர் ஆய்வுகூடத்தின் உரிமையாளரும் நோயியல் நிபுணருமான பெரிய டொக்டர். அந்தக் கிழமை முழுக்க அவர் கொழும்பில். மற்றவர், எவருடைய கலியாணத்துக்காக இந்த இரத்தம் எடுக்கப்பட்டதோ அந்தப் பெண், கோமதி.

இந்த மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும் இதை எழுதுகிறேன். இளைப்பாறியவர்கள் எழுத வேண்டியதை முப்பத்திரண்டு வயதுக்காரன் எழுதுவது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். அரசாங்க நியமனம் வந்துவிட்டது. மட்டக்களப்புப் பக்கம் போகிறேன். அதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். இயந்திரங்களை எப்படி இயக்குவதென்று அவற்றோடு வரும் புத்தகங்களே சொல்லித் தரும். ஒரு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, அதை வாங்க மூன்று பேர் வாசலில் கை நீட்டினால் என்ன செய்வதென்று அவை சொல்லா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, அச்சடித்த எதன்மேலும் எனக்குப் பெரிய மரியாதை. தாளில் பொசிட்டிவ் என்றிருந்தால் பொசிட்டிவ்தான். அந்த மரியாதையை அளவோடு வைத்துக்கொள்ளப் பழக்கியது சுகந்தனின் இரத்தம்.

அப்போது போரால் யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை பூட்டிக் கிடந்தது. வெளிநாட்டு மாப்பிள்ளைமார் கொழும்பிலோ கண்டியிலோ லொட்ஜ் எடுத்து, பொலிஸில் பதிந்துவிட்டுக் காத்திருப்பார்கள். பெண் வீட்டார் கப்பலேறியோ வவுனியா வழியாக இராணுவத்திடம் பயணப் பாஸ் எடுத்தோ வந்து சேர்வார்கள். கிடைத்த மண்டபத்தில் தாலி கட்டிவிட்டு, லீவு முடிய முன் மாப்பிள்ளை பறந்துவிடுவார். ஒருவரை ஒருவர் விசாரிக்க ஊர் இல்லை, அயல் இல்லை. எய்ட்ஸ் பயம் வேறு. அதனால் சாதகத்தோடு இரத்தப் பரிசோதனையும் கேட்கும் வழக்கம் வந்தது. அப்படி வருகிறவர்களை ஃபரீனா கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே கண்டுபிடிப்பா.

“அண்ணன், மாப்புள ஒண்டு வருது. இந்த வெயிலுக்குத் தோல் ஜாக்கெட். ஊசிய எடுங்க.”

சுகந்தனை அழைத்து வந்த தாய்மாமன் தபால் திணைக்களத்தில் உயர்ந்த பதவியில் இருந்தவர். எய்ட்ஸுக்கு ஒன்று, சிபிலிஸுக்கு ஒன்று என்று நான் எழுதத் தொடங்க, பேனாவை நிறுத்தினார்.

“தம்பி, சிபிலிஸுக்கு உந்த மலிஞ்ச சோதினை வேண்டாம். கொழும்புக்கு அனுப்பிச் செய்யிற பெரிய சோதினை இருக்காமே, அதைச் செய்யும்.”

“ஐயா, அது ரெண்டாவதா செய்றதுங்க. முதல்ல சின்னத செஞ்சி, அதுல ஏதாச்சும் தெரிஞ்சாத்தான் பெரியது.”

“பெரிசு சின்னனைவிடத் திறமோ இல்லையோ?”

“திறம்தான். ஆனா...”

“பிறகென்ன ஆனா. ரெண்டையும் செய்யும்.”

எங்கள் ஆட்களுக்கு உரிய தவறு இது. பவுண் வாங்குவது போலப் பரிசோதனையையும் வாங்குவார்கள். விலை கூடியது நல்லது. உண்மையில் சின்னது முதலில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. நோய் இருக்கும் என்று சந்தேகிக்க எந்த முகாந்திரமும் இல்லாத ஒருவரிடம் பெரிய பரிசோதனையைச் செய்தால், அது காட்டும் பொசிட்டிவை எதோடு ஒப்பிட்டு நம்புவது என்று தெரியாமல் போகும். நான் அதை இன்னும் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கொழும்பு முடிவு வந்த அன்றுதான் நான் முதலில் சொன்ன ஐந்து பேரும் அங்கே இருந்தோம். உறையை உள்ளே கொண்டுபோய்ப் பிரித்தேன். எய்ட்ஸ் இல்லை. சிபிலிஸுக்கான சின்னப் பரிசோதனை, நெகட்டிவ். பெரியது, பொசிட்டிவ்.

படித்தவர்கள் உடனே சொல்லக்கூடிய பொருள் ஒன்று இதற்கு உண்டு: எப்போதோ சிபிலிஸ் வந்திருக்கிறது, மருந்தெடுத்து ஆறிவிட்டது, தழும்பு மட்டும் இரத்தத்தில் மிஞ்சியிருக்கிறது. அப்படி எழுதினால் புத்தகப்படி பிழையில்லை. கலியாணம் நின்றுவிடும். கண்டியில் இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் ஒரு கோவில் திருவிழாவுக்குள் அடங்கிவிடுமளவுதான். அந்தச் சொல் வெளியே போனால் சுகந்தனுக்கு மட்டுமல்ல, ‘அந்த நோய்க்காரனுக்குப் பேசின பெட்டை’ என்று கோமதிக்கும் அதுவே பெயராகிவிடும்.

நான் வெளியே வந்ததும் தாய்மாமன் கையை நீட்டினார்.

“குடும்.”

“ரிப்போர்ட் யாரோட இரத்தமோ அவருக்குத்தாங்க.”

“காசு கட்டினது நான்.”

“பற்றுச்சீட்டு உங்களுக்கு, ரிப்போர்ட் அவருக்கு.”

ஃபரீனா இருமுவது போலக் குனிந்தா. என் பேச்சில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து வாடையைக் கண்ட அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீர் எந்தத் தோட்டம்?”

“ஹந்தானைப் பக்கமுங்க. அங்கயும் ஒருத்தரோட ரத்தத்த அவருகிட்டதான் சொல்லுவோம்.”

ரவி மாமனின் தோளைப் பிடித்து இருத்தினார். நான் சுகந்தனை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தி, தாளில் இருந்ததை மறைக்காமல் சொன்னேன். அவருடைய முகம் சாம்பலாகிவிட்டது.

“அண்ணை, சத்தியமா நான்...”

“சத்தியம் வேணாங்க. அத வச்சி நான் ஒண்ணும் செய்ய ஏலாது. அந்த நாட்டுல உங்களுக்கு என்னென்ன வருத்தம் வந்துச்சு, அத சொல்லுங்க. சின்னதுகூட விடாம.”

தடிமல், பல்வலி என்று தொடங்கினார். பிறகு வேலை செய்த மாட்டுப்பண்ணையைப் பற்றிச் சொன்னார். பண்ணையைச் சுற்றி இடுப்பளவு புல், பின்னால் காடு. ஒரு கோடையில் தொடையில் ஒரு வட்டம் வந்ததாம்.

“படர்தாமரை எண்டு நினைச்சுத் தமிழ்க் கடையிலை களிம்பு வாங்கிப் பூசினனான். பூசப் பூசப் பெருத்துது, பிறகு தானாப் போட்டுது. கன மாதத்துக்குப் பிறகு முழங்கால் இளநி மாதிரி வீங்கினது. உண்ணி கடிச்சதோ எண்டு டொக்டர் கேட்டவர். கிழமைக் கணக்கிலை குளிசை தந்தவை. பொரேலியாவோ என்னவோ சொன்னவை. அம்மா பயப்பிடுவா எண்டு வீட்டை எழுதேல்லை.”

அந்தப் பெயரை நான் அதுவரை பாடப்புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். உண்ணிக் கடியால் வரும் லைம் நோயின் கிருமி அது. சிவப்பு வளையம் என்று புத்தகம் சொல்லும். எங்கள் தோலில் அது அவ்வளவு சிவப்பாகத் தெரியாது, படர்தாமரை என்று நினைத்ததில் வியப்பில்லை. அந்தப் பாடத்தில் இன்னொன்றும் படித்திருந்தேன். லைம் கிருமியும் சிபிலிஸ் கிருமியும் ஒரே வம்சம். இரண்டும் தக்கைதிருகி போல மெல்லிய சுருள். ஒன்றை எதிர்க்க உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரி, மற்றதைக் கண்டாலும் சில வேளை போய் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் செய்யும் பரிசோதனைகளில் பல, அது ஒட்டியதா இல்லையா என்பதைத்தான் பார்க்கின்றன. யாருக்காக உண்டானது என்று கேட்பதில்லை.

கொழும்பில் இருந்த பெரிய டொக்டரைத் தொலைபேசியில் பிடித்தேன். சிங்களத்தில் பேசினார், தமிழில் தருகிறேன்.

“சின்னது நெகட்டிவ், பெரியது பொசிட்டிவ். பழைய தொற்று. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எழுதிக் கொடு.”

“சேர், அவருக்கு லைம் வந்திருக்கிறது போலிருக்கிறது.”

“இந்த நாட்டில் லைம் கிடையாது.”

“அவர் இந்த நாட்டில் இருக்கவில்லை சேர்.”

“மேலும் சோதித்துப் பார்ப்பதென்றால் உன் பெயரில் செய். என் பெயர் எதிலும் வராது.”

நான் செய்யத் தீர்மானித்தேன். தாளில் இருந்தது பொய் என்று எனக்குத் தெரியாது. அது உண்மை என்றும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் எழுதக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

வெளியே இருக்கும் இருவருக்கும் தன் முன்னாலேயே சொல்லும்படி சுகந்தனே கேட்டார். “ஒளிச்சா அதுவே குற்றமாப் போம்” என்றார். அவர் சம்மதத்தோடு எல்லோரையும் உள்ளே கதிரைகளில் இருத்தி விளக்கினேன். பிறபொருளெதிரி, வம்சம், ஒட்டுதல் என்று நான் படித்த மொழியிலேயே சொன்னேன். தாய்மாமன் கூரையைப் பார்த்தார்.

“தம்பி, பொசிட்டிவ் எண்டா இருக்கு எண்டுதானே கருத்து? உதுக்குள்ளை என்ன வியாக்கியானம்?”

அதுவரை வாய் திறக்காத ரவி கேட்டார்: “அப்ப தலையாட்டி மாதிரி எண்டு சொல்லுறியள்?”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவரே சொன்னார். இராணுவச் சுற்றிவளைப்பில் ஆம்பிளைகளை எல்லாம் வரிசையில் விடுவார்கள். முகத்தை மூடிய ஒருவன் ஜீப்புக்குள் இருப்பான். ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்க வேண்டும். அவன் தலையாட்டினால் ஆளை ஏற்றிக்கொண்டு போவார்கள். ஆள் ஆரென்று அவன் சொல்லத் தேவையில்லை, ஆட்டினால் போதும்.

“ஆமாங்க,” என்றேன். “அதே மாதிரிதான்.”

“எனக்கும் ஒருத்தன் ஆட்டினவன். கொழும்பு லொட்ஜிலை. என்ரை தாடை வேறை ஆரின்ரையோ தாடை மாதிரிக் கிடந்ததாம்.”

“ரவி, இஞ்சை உந்தக் கதையள் என்னத்துக்கு?” என்றார் மாமன்.

“மாமா, என்னை வெளியிலை எடுக்க நீங்கள் எத்தினை கந்தோர் ஏறி இறங்கினனீங்கள்? ‘ஆட்டினாப்போலை ஆச்சோ, விசாரியுங்கோ’ எண்டு எல்லா இடத்திலும் சொன்னது ஆர்?”

மாமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்துக்கொண்டேயிருந்தார். ரவி என்னிடம் திரும்பினார்.

“விசாரிக்க வழி இருக்கோ?”

வழி இருந்தது. லைமுக்கும் இரண்டு படி. முதற்படி, ஒட்டுகிறதா என்று மொத்தமாகப் பார்ப்பது. இரண்டாவது, பட்டைச் சோதனை. கிருமியின் புரதங்களைப் பிரித்து ஒரு தாள் பட்டையில் வரிசையாக வைத்து, இரத்தத்தில் இருப்பது அவற்றில் எதை எதை அடையாளம் காண்கிறது என்று கோடு கோடாகப் பார்ப்பது. முதலாவது ‘எங்கேயோ பார்த்த முகம்’ என்று சொல்லும் சாட்சி. இரண்டாவது, காதிலிருக்கும் மச்சத்தையும் கையிலிருக்கும் காயத்தையும் சொல்லும் சாட்சி. இரண்டையும் அப்போது வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் செய்ய முடியும். சிபிலிஸுக்கு வேறொரு முறையில் செய்யும் பரிசோதனை ஒன்றையும் அதோடு சேர்த்தேன்.

புதிதாக இரத்தம் எடுத்து, உறைந்தபின் மேலே தெளியும் சீரத்தைப் பிரித்து, சூடு புகாத ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் நிரப்பிக் கொழும்பு முகவரிடம் நானே கொண்டுபோனேன். ஆள் அனுப்பி ஐஸ் உருகினால் எல்லாம் வீண். கடுகண்ணாவைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய்க்கு என்னைவிட வயது குறைவு.

“பெட்டியில் என்ன?”

“இரத்தம்.”

“யாருடைய இரத்தம்? திற.”

திறந்தேன். குழாயை வெளியே எடுத்து மூடியைத் திருகப் போனான். மூடி திறந்தால் அந்த மாதிரியால் பயனில்லை. கத்தினால் அடி விழும், கெஞ்சினால் சந்தேகம் கூடும்.

“மாத்தயா, அதில் என்ன நோய் இருக்கிறது என்று இன்னும் தெரியாது. அதைப் பார்க்கத்தான் கொண்டுபோகிறேன்,” என்றேன்.

நான் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. அவன் குழாயை இரண்டு விரலால் பெட்டிக்குள் வைத்து, கையைக் காற்சட்டையில் துடைத்து, ஓடு ஓடு என்று சைகை காட்டினான். பஸ்ஸில் என் பக்கத்து ஆசனக்காரரும் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார். கொழும்பு வரை இரண்டு ஆசனத்தில் சுகமாக இருந்து போனேன்.

முதற்படி முடிவு முதலில் வந்தது. லைம், பொசிட்டிவ். ஃபரீனாவிடமிருந்து செய்தி கேட்டு சுகந்தனும் ரவியும் ஓடி வந்தார்கள். ரவியின் கையில் கேக் பெட்டி.

“இனி எழுதித் தரலாம்தானே?”

தம்பிமாரே, தங்கைமாரே, என் வேலையில் எனக்கு மிகவும் பெருமையான நேரம் எதுவென்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன். எனக்கும் எழுத ஆசையாக இருந்தது. என் ஊகம் சரி என்று அந்தத் தாள் சொன்னது. மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாயிற்று, அவருடைய லீவு கரைந்துகொண்டிருந்தது. நான் மாட்டேன் என்றேன்.

“ஏன்? இதுவும் பொசிட்டிவ்தானே?”

“அதுதாங்க பிரச்சின. லைம் வந்தவரப் பாத்து சிபிலிஸ் சோதனை தலையாட்டும்னு நான் சொன்னேன். சிபிலிஸ் வந்தவரப் பாத்து இந்த முதற்படியும் தலையாட்டும். இதுவும் மூஞ்சிய மூடுன ஆளுதான்.”

சுகந்தனுக்குக் கோபம் வந்தது. “நீங்கள் ஆரின்ரை பக்கம்?”

“நான் இன்னைக்கு ஆமான்னு எழுதுனா, நாளைக்கு உங்க மாமா இதையே திருப்பிக் கேப்பாரு. என்கிட்ட பதில் இருக்காது. பட்டைச் சோதனை வரட்டும்.”

கேக்கை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அதை வெட்டுவதா விடுவதா என்று ஃபரீனாவுக்கும் எனக்கும் தெரியவில்லை. ஃபரீனா குளிர்பெட்டியில் வைத்தா, சீரம் வைக்கும் பெட்டியில் அல்ல.

காத்திருந்த நாட்களில் ஒரு காலை கோமதி தனியாக வந்தார். நான் எழுந்து, ரிப்போர்ட் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்று தொடங்கினேன்.

“தெரியும். ரிப்போர்ட் கேக்க வரேல்லை. அவர் முடிவைக் கேட்டவுடனை என்ன செய்தவர்? அதைச் சொல்லலாமோ?”

அது இரத்தத்தில் இல்லாத விஷயம். சொல்லலாம் என்று பட்டது. “வெளிய இருக்கிற ரெண்டு பேருக்கும் தன் முன்னாலயே சொல்லுங்கன்னு அவரேதான் கேட்டாரு” என்றேன்.

அவர் தலையசைத்தார். “இவ்வளவு நாளும் ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. நான் மாமாட்டைச் சொல்லிப் போட்டன், கலியாணத் திகதி மாறாது எண்டு. ஆனா தாள் வராட்டி மாமா மண்டபத்துக்கு வரமாட்டாராம். அம்மா அவர் இல்லாமல் செய்ய விடமாட்டா. கெதியா வரப் பண்ணுங்கோ.”

கெதியாக வரப் பண்ண என்னால் முடியாது. முகவருக்கு நாளும் தொலைபேசி எடுத்துத் திட்டு வாங்கினேன்.

மண்டபத் திகதி நெருங்கியபோது பட்டைச் சோதனை வந்தது. மேசை விளக்கின் கீழ் வைத்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தேன். ஒன்றிரண்டு கோடுகள் எவருக்கும் வரலாம். சுருள் வம்சத்தில் எல்லாக் கிருமிக்கும் பொதுவானவை அவை. இங்கே அவற்றோடு, லைம் கிருமிக்கு மட்டும் சொந்தமான கோடுகளும் வரிசையாகத் தெளிவாக நின்றன. நாட்பட்ட தொற்றில் வரும் வகைப் பிறபொருளெதிரி. புதிய தொற்றுக்கு உரிய வகை இல்லை. சிபிலிஸுக்கு வேறு முறையில் செய்த பரிசோதனை, நெகட்டிவ். வட்டம், முழங்கால், கோடுகள், இந்த நெகட்டிவ், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. ஒரு பொசிட்டிவை நான் நம்பவில்லை. ஒரு மனிதருக்கு நடந்ததோடு பொருந்தி நின்ற நாலு விஷயங்களை நம்பினேன்.

எழுதினேன்: ‘சிபிலிஸ் தொற்றுக்கு ஆதாரம் இல்லை. முன்னர் லைம் நோய் ஏற்பட்டதற்கு ஆதாரம் உண்டு. முதல் பொசிட்டிவ் அதனால் வந்ததாகக் கொள்ளலாம்.’ கீழே என் பெயர். கொழும்பிலிருந்து திரும்பியிருந்த டொக்டர் தாள்களை எல்லாம் கேட்டு வாங்கி, நின்றபடியே இருமுறை படித்தார். பேனாவை எடுத்து என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

சுகந்தன் உறையைப் பிரித்துப் படித்து, ரவியிடம் கொடுத்தார். ரவி கேட்டது நல்ல கேள்வி.

“அப்ப அந்த லைம் இப்பவும் இருக்கோ? கோமதிக்குத் தொத்துமோ?”

“ஆளுக்கு ஆள் தொத்தாதுங்க. உண்ணி கடிக்கணும். ரத்தத்துல இருக்கிறது ஞாபகம் மட்டும். வருத்தம் மாறுனாலும் வருஷக் கணக்குல இருக்கும். இப்ப சுகமா இல்லையான்னு முழங்காலப் பாக்கிற டொக்டர்தான் சொல்லணும், இந்தத் தாள் சொல்லாது.”

தாய்மாமன் தாளைக் கையில் வாங்கவில்லை. ரவியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஒவ்வொரு வரிக்கும் “ம்” என்றார். முடிந்ததும் மெல்ல எழுந்து முன்மேசைக்குப் போனார். சுகந்தன் சட்டைப்பைக்குள் கை விட்டதைக் கண்டு தடுத்தார்.

“விடும் தம்பி. பெரிசு வேணும் எண்டு கேட்டது நான். பிள்ளை, பில்லைக் கொண்டாரும். நாளண்டைக்கு மண்டபத்துக்கு நீங்கள் ரெண்டு பேரும் வாறியள்.”

ஃபரீனா கூட்டினா: கொழும்புப் பரிசோதனைகள், வெளிநாட்டுப் பரிசோதனைகள், விமானக் கூலி, முகவர் கூலி, ரெஜிபோம் பெட்டி, ஐஸ், என் பஸ் காசு. எல்லாமாகப் பதினாறாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். மாமன் எண்ணி வைத்துவிட்டு, பற்றுச்சீட்டுக்கு மட்டும் கையை நீட்டினார்.